தூங்கும் பிள்ளை

அக்டோபர் 9, திங்கள்

ஏரிக்கரை முழுக்க உசிபா மீன் காயும் நாற்றம். காலையிலிருந்து மருத்துவமனையில் காய்ச்சலோடு முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கும். உடம்பில் நீர் வற்றிய பிள்ளைக்குத் தோல் மெல்லத்தான் படியும்; வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு, மடிப்பு படிய எவ்வளவு நேரம் ஆகிறதென்று எண்ண தியோங்கேவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது அவள் தலைமை நர்ஸ். நான் அவளுக்குக் கீழே. இன்று தாய்மார் முன்னாலேயே சொல்கிறாள்: "மக்வாலா அண்ணே, தூங்குற பிள்ளையையும் எழுப்பிப் பாருங்க. எழும்பலேன்னா அது தூக்கமில்ல." இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனிடம்!

அக்டோபர் 10

எனெலெசி என்று ஒரு மீனவப் பெண். முதுகுத் துணிக்குள் எட்டு மாதப் பையன், நெருப்பாய்க் கொதித்தான். நாலைந்து நாளாக வயிற்றுப்போக்கு. தலையில் கறுப்பு மருந்து. உச்சிக்குழி விழுந்துவிட்டதென்று நாட்டு வைத்தியர் அப்பியது. "மூணு நாளாக் கத்தினான் டாக்டரய்யா, இப்பத்தான் அடங்கினான். எழுப்பட்டுமா?"

அடுத்த அறையில் தியோங்கே. அவள் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "வேணாம். தூங்கட்டும்."

அவள் முதுகிலிருந்து இறக்காமலே பையனின் வயிற்றோரம் கிள்ளினேன். மெல்லத்தான் படிந்தது. ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மெல்லத்தானா? ஒன்று, இரண்டு, மூ— எண்ணி முடிக்கவில்லை.

அக்டோபர் 11

விரல்களுக்கிடையில் அந்தத் தோல் மடிப்பு இன்னும் நிற்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை.

அக்டோபர் 13

எனெலெசி பெஞ்சில். முதுகில் அதே துணி, உள்ளே அசைவில்லை. வரிசை நகர்ந்தது, அவள் நகரவில்லை. பக்கத்தில் கரைசல் குவளை, ததும்பத் ததும்ப, ஈ மொய்த்தபடி.

"எப்படி இருக்கான்?"

"தூங்குறான்."

"எழுப்பும்மா."

"நீங்கதானே வேணாம்னீங்க." சிரித்தாள்.

நானே முடிச்சை அவிழ்த்தேன். பிள்ளை இல்லை. உருட்டிக் கட்டிய துணி. ஒரு முனையில் கறுப்பு மருந்து, ஈரம் காயாமல்.

பிறகு தியோங்கே சொன்னாள்: "புதன்கிழமையே புதைச்சாச்சு அண்ணே. நானும் போயிருந்தேன்." இங்கே கைக்குழந்தையைப் பெண்களேதான் புதைப்பார்கள். ஆண்கள் காதுக்கு வராது. என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைச்சிருக்கலாம். நாலு பேர் முன்னால திட்டியிருக்கலாமே—

அக்டோபர் 16

பதிவேட்டில் பத்தாம் தேதி வரிக்குப் பக்கத்தில் என் கையால் எழுதினேன்: எழுப்பிப் பார்க்கவில்லை. தியோங்கேவின் மேசையில் திறந்தே வைத்தேன்.

அக்டோபர் 23

எல்லாப் பிள்ளைகளையும் எழுப்புகிறேன். உள்ளங்காலைச் சுண்டினால் கத்துகின்றன. "தூக்கத்தைத் திங்குற மனுசன் வந்துட்டாரு" என்கிறார்கள் தாய்மார்.

எனெலெசி இன்றும் வந்தாள். அவள் முறையில் கூப்பிட்டேன். உருட்டிய துணியை மேசையில் கிடத்தினாள். கையை வைத்தேன். சுட்டது. அவள் முதுகுச் சூடாகத்தான் இருக்கும்.

கிள்ளினேன். ஒன்று. இரண்டு. மூன்று. இந்த முறை முழுதாக எண்ணினேன். மடிப்பு படியவில்லை.