அம்பிளியின் பெயர் இல்லாத பக்கம்

கோட்டயம்,
9 மார்ச் 2011, புதன்.

அன்புள்ள அம்பிளிக்கு,

ஊரெல்லாம் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. கையெழுத்தும் கோணலாகத்தான் இருக்கும். எட்டு மாத மகள் மடியில் கிடக்கிறாள். கீழே விட்டால் அழுவாள். பகலில் இரண்டு தடவை தொடங்கிக் கிழித்துப்போட்டேன். ஒரு மாணவிக்கு மிஸ் எப்படிக் கடிதம் எழுதுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது? கால் சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் நீ ஊருக்குப் போனதாக ஹாஸ்டல் சிஸ்டர் சொன்னார். கூடவே, "பெட்டியோட மெத்தையையும் சுருட்டிக் கட்டி எடுத்துட்டுப் போயிட்டா டீச்சரே. நாலு நாளைக்குப் போற பொண்ணு மெத்தையை எதுக்கு எடுக்கிறா?" என்றும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும், நீ திரும்பி வருவதாக இல்லை. உன் முகவரியைச் சேர்க்கைப் பதிவேட்டில் பார்த்து எடுத்தேன். ஏலத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு, லயம் எண் எட்டு என்றிருக்கிறது. மலைக்குத் தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

உள் மதிப்பெண் பட்டியலை ஒட்டிய அன்று நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. நம் வகுப்பு சேர்ந்து எழுதிய இணையப் பக்கத்தில் யார் பெயரில் எத்தனை வரி என்று எண்ணி மதிப்பெண் போட்டேன். ஏலக்காய்ப் பக்கம் முழுக்க உன் தோழி ஜிஸ்னா பெயர். உன் பெயரைத் தொட்டால் வெறும் வெள்ளைத் திரை. ஜிஸ்னாவுக்கு முழு மதிப்பெண், உனக்குப் பூஜ்யம். எது உன் வரி என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு மிஸ்" என்றாய். "கொஞ்சம்னா எவ்வளவு? கிராம் கணக்கா?" என்று நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை உன் மேல் அவிழ்த்துவிட்டவள் நான்தான்.

அதற்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். அன்று மகளுக்குக் காய்ச்சல். பார்த்துக்கொள்ளும் லீலாம்மா சேச்சி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முப்பத்திரண்டு பேர் எழுதியதைப் படிக்க நேரமில்லை, பெயரை எண்ண நேரமிருந்தது. அது மட்டுமா? துறைத் தலைவர் குருவிளா சார் தொடக்கத்திலிருந்தே, "பிள்ளைங்க சேர்ந்து காப்பியடிக்க நீங்களே பந்தல் போட்டுக் கொடுக்கிறீங்களே டெஸ்ஸி" என்று கேலி செய்துகொண்டிருந்தார். ஏமாற்ற முடியாது சார், யார் எந்த வரியை எழுதினாலும் கணினியில் பதிவாகிவிடும் என்று நானும் பெரிதாகச் சொல்லி வைத்திருந்தேன். எழுதி முடித்ததும் பார்த்தால் இதெல்லாம் சமாதானமாகவே தெரியவில்லை. அதனால்தான் கிழித்தேன்.

போன வெள்ளிக்கிழமை குருவிளா சாரிடம் காட்டுவதற்காக அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பக்கத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் அப்போது இருந்தது அப்படியே தங்கிவிடும் இல்லையா? மின்சாரம் போய்விடுமோ என்ற பயத்தில் ஜிஸ்னா இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்திருக்கிறாள். மணி அடிப்பதற்குள் நீங்கள் அழித்துவிட்டதாக நினைத்த எல்லாம் அங்கே இருக்கிறது.

"அடியே அம்பிளி, மெதுவாச் சொல்லுடி, நான் என்ன மெயில் வண்டியா?" என்று ஏலக்காய் விலைக்கு நடுவில் ஒரு வரி. "காய் தரையோரமாத்தான் இருக்குமாம், நாள் பூரா குனிஞ்சே பறிக்கணுமாம். குனிஞ்சு காட்டாதேடி, லைப்ரரி சார் பாக்கிறாரு" என்று இன்னொன்று. மழைக்காலத்து அட்டையைப் பற்றி நீ சொன்னதற்குக் கீழே, "ரம்லத்துக்குச் சோறு இறங்கலையாம், டப்பாவை மூடிட்டா. அவ மீன் வறுவல் எனக்கு" என்று இருந்தது. கடைசியில், "மிஸ் இதைப் பாத்தா தொலைச்சிடுவாங்க, அழி அழி."

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த வடிவத்தைத் திறந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஜனவரி முதலே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நூலகத்தின் ஒற்றைக் கணினி முன்னால் நீ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். ஜிஸ்னா தட்டச்சு செய்திருக்கிறாள், ரம்லத் கூடவே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கணினி அறை மாணவர்களுக்குத் திறப்பது நான்கு மணிக்கு. நாலரைக்குள் நீ ஹாஸ்டல் வாசலில் நிற்க வேண்டும். நீ தட்டச்சு பழக நேரம் ஏது என்று நான் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. எந்தக் காயை எந்தப் பச்சையில் பறித்தால் உலரும்போது சுருங்காது என்று கோட்டயம் டவுனில் வளர்ந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்றும் யோசிக்கவில்லை. "அருமையான களப்பணி" என்று அவளைப் பாராட்டினேன்.

திங்கட்கிழமை ஜிஸ்னாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தேம்பித் தேம்பி அழுதாள். பட்டியல் ஒட்டிய அன்று அவள் எழுந்து உண்மையைச் சொல்லப் பார்த்தாளாம், நீ துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாயாம். "வாயத் திறந்தே, அப்புறம் உங்கூடப் பேசவே மாட்டேன்னு சொன்னா மிஸ்" என்றாள். ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதினால் இருவருக்கும் பூஜ்யம் என்று பக்கத்தின் தலையில் நான் எழுதி வைத்திருந்தேனே, அதற்குப் பயந்து. அவள் மதிப்பெண் போகக்கூடாது என்று நீ அத்தனை சிரிப்பையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாய்.

சேர்ந்து எழுதுங்கள் என்று சொன்னதும் நான். தனித்தனியாக எண்ணியதும் நான். நீங்கள் மூன்று பேரும்தான் உண்மையில் சேர்ந்து எழுதியவர்கள்.

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். பிறகு ரம்லத் எழுந்து, "அன்னைக்குச் சிரிச்சதுல நானும் ஒருத்தி மிஸ். தெரிஞ்சிருந்தும் சிரிச்சேன். எனக்கு என்ன மார்க்?" என்று கேட்டாள். இருவருக்கும் பூஜ்யம் என்ற அந்த விதியை நீக்கிவிட்டேன். ஜிஸ்னாவின் மதிப்பெண்ணில் ஒன்றுகூடக் குறையாது, இதை நீ நம்ப வேண்டும். குருவிளா சாரிடமும் பேசிவிட்டேன். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு வரட்டும், முதல்ல அதைப் பாருங்க" என்றார்.

இனி செய்ய வேண்டியது இதுதான். திருத்திய பட்டியல் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதில் மாணவியின் கையெழுத்து இல்லாமல் பழைய பூஜ்யத்தை மாற்ற முடியாது. அது மாறாவிட்டால் ஏப்ரல் தேர்வை நீ எழுதினாலும் இந்தப் பாடத்தில் தேற முடியாது. ஒரே ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டாலும் போதும். ஆனால் ஒரு நாளுக்காக மட்டும் வராதே. உன் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று சிஸ்டர் சொன்னார், நான் கேட்காமலே. அம்மாவுக்கு நிஜமாகவே முடியவில்லை என்றால் மறைக்காமல் எழுது, மருத்துவக் கல்லூரியில் காட்ட ஏற்பாடு செய்கிறேன். நீயும் அம்மாவுடன் காய் பறிக்கப் போகத் தொடங்கிவிட்டாய் என்றால் அதையும் எழுது. அது குறைச்சலான வேலை என்று நான் சொல்லமாட்டேன், உன் பக்கத்தைப் படித்த பிறகு சொல்லவும் முடியாது. ஆனால் அதைப் போல இன்னொரு பக்கம் எழுத உன்னை விட்டால் எங்களுக்கு ஆளில்லை.

பட்டியல் ஒட்டியதற்கு முந்தின மதியம் நீங்கள் தொடங்கிய கடைசிப் பத்தி பாதியில் நிற்கிறது. "உலர்த்தும் அறையில் இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும், ஏனென்றால்" என்பதோடு சரி. மணி அடித்திருக்கும். அது அப்படியே கிடக்கிறது, யாரும் கை வைக்கவில்லை. ஜிஸ்னாவுக்கு மிச்சம் தெரியாது. நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், எனக்கும் தெரியாது.

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். கர்த்தர் உன்னோடு இருக்கட்டும், மோளே.

சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
டெஸ்ஸி மிஸ்