ஸ்பீக்கருக்கு எதிரே இரண்டு நாற்காலி

பந்தடி மூன்றாவது தெரு,
மதுரை - 1.
16.8.1998, ஞாயிறு.

அன்புள்ள பத்மாசினிக்கு,

துளசிராம் எழுதுவது. எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. டொரன்டோ வீட்டு மாடிப்படி உன் முழங்காலைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். நம் ரம்யாஸ்ரீயும் மாப்பிள்ளை உமேஷும் சௌக்கியம்தானே? பேரன் கார்த்திகேஷ் யாரும் பிடிக்காமலே உட்காருகிறானா?

போன ஞாயிறு போனில் ஒரு கேள்வி கேட்டாய். இன்னும் ஆறு மாதம் இருப்பதற்கு மாப்பிள்ளை விசா படிவம் வாங்கி வைத்திருக்கிறார், கையெழுத்துப் போடவா, ஊருக்கு வந்துவிடவா என்று. உனக்குப் பின்னால் பேரன் அழுதான். கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். கோபித்துக்கொள்ளாதே.

நான் ஒரு ஹை-ஃபை செட் வாங்கியிருக்கிறேன். ஒரு கேசட் டெக், ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. ஜனவரியில் நீ போனபிறகு வீட்டுக்குள் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் இல்லை. நம் சௌராஷ்டிர பாஷையில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் எல்லோரும் முதலில் கேட்பது நீ எப்போது வருகிறாய் என்றுதான். அதனால் தெருவுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன்.

இந்த விஷயத்தில் நான் ஒன்றாம் வகுப்பு மாணவன். ஆனால் பழைய வாத்தியார் பழக்கம், பாடத்திட்டம் போடாமல் இருக்க முடியவில்லை. என்ன கேசட் போட்டாலும் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி கேட்டது. எனவே படிப்படியாகச் செட்டின் தரத்தை உயர்த்துவது என்று நோட்டில் எழுதினேன். முதலில் கனமான ஒயர். பிறகு, முக்காலிமேல் இருந்த ஸ்பீக்கருக்கு மரத்தில் ஸ்டாண்டு. தீபாவளிக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர். பெரியது எதற்கு என்று கேட்பாய். ஆம்ப்ளிஃபையர் வாத்தியார், ஸ்பீக்கர் வகுப்பு என்று வைத்துக்கொள். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் வாத்தியார் மெல்லப் பேசினால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும் அல்லவா? நம் வீட்டில் அதுதான் நடக்கிறது என்று நினைத்தேன்.

ஒயர் மாற்றினேன். கிணறு போகவில்லை. ஸ்டாண்டு செய்தேன். அப்போதும் போகவில்லை. தீபாவளி வரை பொறுக்காமல் ஆம்ப்ளிஃபையர் கேட்டுக் கடைக்கே போய்விட்டேன். கடைக்காரர் உக்கிரபாண்டி, உசிலம்பட்டிக்காரர், நல்ல மனிதர். காதால் கேட்காமல் எதையும் தலையில் கட்ட மாட்டேன் என்று சொல்லி, வியாழக்கிழமை மொபெட்டில் வந்தார்.

வழக்கமாகக் கேட்கிறதைப் போடுங்கள் என்றார். போட்டேன். எது என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மார்கழி பஜனையில் நீ பாடியதை என் தங்கை ஸ்ரீலட்சுமி டேப்பில் பிடித்தாளே, அந்தக் கேசட். இந்த வீட்டில் வேறு கேசட் அதிகம் ஓடுவதில்லை.

கேசட்டின் ஒரு பக்கம் முடியும் வரை அவர் கேட்டார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். அந்தத் தட்டல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. இந்த வீட்டில் ஒரு திரைச்சீலை, மெத்தை, ஜமுக்காளம் ஒன்றுமே கிடையாதா என்று கேட்டார். அம்மா குரல்ல ஒரு குத்தமும் இல்ல சார், பெட்டியிலயும் இல்ல, எம்புட்டுப் பெரிய செட்டு மாட்டுனாலும் எதிரொலியக் குடிக்கத் துணிமணி இல்லாத இந்த மொட்டை ரூம்ல இம்புட்டுத்தான் கேக்கும் என்று சொல்லிவிட்டார். துணிமணி எல்லாம் பரண்மேல் மூட்டையாக இருக்கிறது என்றேன். அட, இதுக்கா சார் ஆம்ப்ளிஃபையர் தேடி வந்தீக என்று சிரித்துவிட்டு, அவரே இறக்குவதற்கு முக்காலியை இழுத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? தூரதேசம் போகிறவர் தன் படுக்கையைத் தானே கட்டிவைத்துவிட்டுப் போக வேண்டும், வந்து தானே அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் போனவர் திரும்பி வர நாளாகும் என்பது உன் அம்மா வீட்டு வழக்கம். தூசி படியும் என்று திரைச்சீலையையும் ஜமுக்காளத்தையும் அதே மூட்டையில் வைத்து, பழைய சேலைக் கிழிசலால் நீ இறுக்கியபோது, கணக்கு வாத்தியார் நான் கேலி செய்தேன். ஆனாலும் அந்த மூட்டையைத் தொடாமல் இந்த எட்டு மாதமும் நான் வெறும் பாயில்தான் படுக்கிறேன்.

உக்கிரபாண்டி போகும்போது இன்னொன்றும் சொன்னார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவே உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் எதிரே நிற்கிற மாதிரி இருக்குமாம். இரண்டு பேர் கேட்பதானால் நாற்காலிகளை ஒட்டிப் போட வேண்டுமாம். போட்டு வைத்திருக்கிறேன். இந்த வயதில் ஒட்டி உட்காருவதா என்று நீ முறைப்பாய். முறைத்துக்கொள்.

படிகளை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு விடையை எழுதாமல் விடுகிற பையனுக்கு முப்பத்திரண்டு வருடம் முழு மதிப்பெண் கொடுக்காதவன் நான். இதற்கு முன் உனக்கு எழுதிய மூன்று கடிதத்திலும் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். நீ நிம்மதியாக இரு, இங்கே ஒரு சிரமமும் இல்லை என்று எழுதினேனே, அதை அடித்துவிடு.

விடை: கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

ரம்யாஸ்ரீ வேலைக்குத் திரும்பினால் குழந்தையை யார் பார்ப்பது என்று பதறாதே. நேற்று சம்பந்தி அம்மாள் வீட்டுக்கு நானாகவே போய்ப் பேசினேன். பேரனைப் பார்க்க பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறார், பாவம். நம் பெண்ணிடம் கோபமில்லாமல் எடுத்துச் சொல். அப்பா கேட்டார் என்றே சொல், எனக்கு வெட்கமில்லை.

கார்த்திகேஷ் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவன் உச்சியில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு. உன் முழங்காலோடு நீ பரண் ஏற வேண்டாம். நீ கிளம்பிவிட்ட பிறகு என் கை பட்டால் தோஷமில்லை; நீ வருகிற அன்று காலையில் மூட்டையை நானே இறக்கி, கூடத்தின் நடுவில் வைத்திருப்பேன். முடிச்சை மட்டும் நீ வந்து அவிழ்.

உன்,
துளசிராம்