கடைசி ஆள் முன்னுக்கு

என் அன்புப் பவானி,

நேற்றுப் பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு உன்னுடைய காரீய மலைக்குப் போய்வந்தோம். குருநாகல் பக்கம் போகும்போதெல்லாம் வான் கண்ணாடியில் விரலை வைத்து, "உந்த உச்சியில ஒரு ராசான்ர கோட்டை இடிஞ்சு கிடக்குதாம், ஒருநாள் ஏறவேணும்" என்பாயே, அதே மலைதான். ஏறிவிட்டோம். ஒருவர் குறையாமல் ஏறினோம். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லுவேன்? முழங்கால் இரண்டும் இன்றைக்கு என்னோடு கோபம். படுக்கையில் கால் நீட்டி இருந்துகொண்டு எழுதுகிறேன்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. ராஜன் அண்ணையும் ஏறினார். உன் மனிசரேதான்.

நம்பமாட்டாய், தெரியும். நாங்கள் போன மலைகளுக்கெல்லாம் கூட வந்து, எல்லா மலையின் அடிவாரத்திலும் வானுக்குள்ளேயே இருந்து பேப்பர் படித்த மனிதர். "மலை எங்க ஓடவே போகுது? நீங்கள் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்பார். நாங்கள் வந்து சொல்லத் தொடங்கினால் பேப்பரைத் திருப்பி மறுபக்கம் படிப்பார். உனக்கு அது வலித்ததா பவானி? நான் ஒருநாளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

நீ போய் ஒரு வருசமாகி, உன் ஆட்டைத் திவசம் முடிந்த கிழமை அவர் ரெலிபோன் எடுத்தார். "கமலி, அடுத்த போயாவுக்கு எங்க போறியள்? எனக்கும் ஒரு சீற் வையுங்கோ." வழக்கம்போல வானுக்குள் இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடிவாரத்தில் கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து, புத்தம்புதுச் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

எங்கள் சட்டத்தை உனக்குச் சொல்லத் தேவையில்லை, போட்டவளே நீ. இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்ல, கடலோர மரைன் டிரைவில் தனியே நடக்கத் தொடங்கியவள் நீ. பிறகு என்னை இழுத்தாய், திலகாவை இழுத்தாய், வெள்ளவத்தையில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பாதிப் பெண்களை இழுத்தாய். போயா நாட்களில் வான் பிடித்து மலை ஏறும் அளவுக்குப் போயிற்று. தொடக்கத்தில் வேகமானவர்கள் முன்னே போய் இருந்து களைப்பு ஆறுவார்கள், மற்றவர்கள் இழுபட்டுக்கொண்டு பின்னால் வருவார்கள். ஒருநாள் நீ நடுவழியில் எல்லோரையும் நிறுத்தினாய். "பின்னுக்கு வாறவளுக்கு ஒருநாளும் ஆறக் கிடைக்காதடி. அவள் வந்து சேரேக்க மற்றவை எழும்பி நடக்கத் தொடங்கியிடுவினம். இனிமேல் மெதுவா நடக்கிறவள் முன்னுக்கு. ஒருத்தரும் அவளை முந்தக்கூடாது. அவளுக்கு ஏலாட்டி எல்லாரும் இறங்குவம்."

அந்தப்படி ராஜன் அண்ணையை முன்னுக்கு விட்டோம். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டு, பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினரைப்போல முதல் ஆளாக நடந்தார். பின்னால் நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மலை முழுக்கப் பழைய சுரங்கங்கள், பவானி. பென்சிலுக்குப் போகும் காரீயத்தை ஒரு காலத்தில் இங்கிருந்துதான் தோண்டினார்களாம். இப்போது வாய்களெல்லாம் கம்பி வேலி போட்டு அடைத்துக் கிடக்கின்றன. எட்டிப் பார்த்தால் இருட்டும் தண்ணீரும். பாதை மண் வெயிலில் மினுங்குகிறது. கை வைத்த இடமெல்லாம் கறுப்பு. வழிகாட்ட வந்த சுனில் அந்த ஊர்க்காரன். செடிகளுக்குள் மூடாத குழிகள் இருக்கின்றன, பாதையை விட்டு விலகவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மழை வந்தால் கல் வழுக்கும், அதற்கு முன் இறங்கிவிட வேண்டும் என்றும் சொன்னான்.

ராஜன் அண்ணை ஒவ்வொரு சுரங்க வாயிலும் நின்றார். பார்க்க நிற்கிறார் என்று முதலில் நினைத்தோம். மூச்சு வாங்க நிற்கிறார் என்பது போகப் போகத் தெரிந்தது. கோட்டை மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது வானம் இருண்டுவிட்டது. திலகாவைத்தான் உனக்குத் தெரியுமே, பொறுமையைக் கடையில் வாங்கவேண்டிய பிறவி. என் காதுக்குள் குனிந்தாள்.

"கமலி, அண்ணையை இந்தக் கல்லில இருத்திப்போட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பாத்திட்டு வருவம். கடைசி ஆள் முன்னுக்குப் போறது சரி. இது கடைசியிலும் கடைசியடி."

அவளுடைய இரகசியம் எப்போதும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ராஜன் அண்ணை திரும்பினார்.

"ஆர் கடைசி?"

திலகா நிலத்தைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். "என்னை முன்னுக்கு விட்டது பவானியின்ர புருசன் எண்ட மரியாதைக்கில்லையோ?"

மறைத்துப் பேச எனக்கு வராது. "இல்லை அண்ணை. எங்களில மெதுவா நடக்கிறவைதான் முன்னுக்கு. உங்களுக்கு ஏலாட்டி எல்லாரும் இறங்குவம். இது பவானி போட்ட சட்டம்."

அவர் அப்படியே கல்லில் குந்தி இருந்துவிட்டார். லேஞ்சியால் முகத்தைத் துடைக்க, கையிலிருந்த காரீயம் நெற்றியெல்லாம் அப்பியது. "இதை அவ எப்ப யோசிச்சவ?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவருக்குச் சொல்லவே இல்லையா? அல்லது சொன்னாய், அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லையா?

"நீங்கள் போங்கோ, நான் இதில இருக்கிறன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீதா, திலகாமீதா, அந்த மேகத்தின்மீதா, தெரியாது. பையைக் கழற்றி வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவள் இருந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் இருந்தார்கள். கடைசியில் திலகாவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். விடியுமுன் எழும்பிச் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள், கோட்டை கண்ணுக்கு முன்னால் நிற்க, அசையாமல் இருந்தோம். சுனில் வானத்தைக் காட்டி, "வெஸ்ஸ எனவா, நோனா" என்று கெஞ்சினான். மழை வருவது எங்களுக்கும் தெரியும். நீ அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும், பவானி. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அவர் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு, "சரி, எழும்புங்கோ" என்றார். திலகா தன் ஊன்றுகோலை அவரிடம் நீட்டினாள். "பிடியுங்கோ அண்ணை. மெதுவாப் போங்கோ, நாங்கள் நிண்டு நிண்டு வாறம்." அவர் நின்ற இடமெல்லாம் நாங்களும் நின்றோம்.

கோட்டை என்று பெரிதாக எண்ணாதே. இடுப்பளவு மதில், மேலே ஒன்றுமில்லாத படிக்கட்டு, புல் மூடிய கல்லுகள். சுற்றிவர மட்டும் எத்தனை மலை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் மதிலில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தார்கள். நெற்றியில் கரியோடு முதலில் வந்து சேர்ந்த ராஜன் அண்ணையைக் கண்டு ஒரு பெட்டைப்பிள்ளை எழும்பி இடம் விட்டாள். அங்கிள்தான் லீடரா என்று சிங்களத்தில் கேட்டாள்.

அவர் மூச்சு அடங்கும்வரை பொறுத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். "நே துவே. மம தமய் அந்திமயா. லீடர் மகே நோனா."

இல்லை மகளே. நான்தான் கடைசி ஆள். லீடர் என் மனைவி.

அந்தப் பெட்டை அவருடைய தோளுக்கு மேலால் எட்டி, எங்களில் எவள் நீ என்று தேடினாள். வரிசையாக, கறுத்த கைகளோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். திலகா அழுதாள். நான் அழவில்லை. எனக்கு உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்துபோய் இருந்தது. நீ உயிரோடு இருந்த காலத்தில் அவர் வாயால் இதைக் கேட்டிருக்கவேண்டும். நீ கேட்கவில்லை. அதனால்தான் ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறேன்.

இறங்கும்போது நன்றாக நனைந்தோம். அதைப்பற்றி யாருக்கும் குறையில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை உன் சட்டத்தில் கை வைக்க ஒருத்தரையும் விடமாட்டேன். என் முழங்கால் போகிற போக்குக்கு, ராஜன் அண்ணையைவிட நான் மெதுவாக நடக்கப்போகும் நாள் தூரத்தில் இல்லை. அன்றைக்கு ஏதாவது சாட்டுச் சொல்லி வீட்டில் நிற்கமாட்டேன். எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, வெட்கப்படாமல் நடப்பேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கமலி
வெள்ளவத்தை