சேலை கட்டிப் பிரித்த மூன்று வகுப்பறைகள்

மாசி மாதம், புதன்கிழமை

அன்புள்ள ஜெயப்பிரியா,

எதையும் லேசில் நம்பாத நீ எதற்கம்மா பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி மனுவும் கையுமாக அலைகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன், பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அந்த ஊர்ப் பனியில் வழுக்கி விழாமல் சௌக்கியமாக நடமாடுவாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், நான் செவ்வாய் என்றால் அவர் திங்கள் என்கிறார், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு வலது கண் மங்குகிறது என்று மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் இன்று சாயங்காலம்தான் திரும்பி வந்தோம். புரை தொடங்கியிருக்கிறது, அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதையும் பஸ்ஸில் வரும்போது அவர் திருத்தினார், புரை இல்லையாம், மிளகாய் நெடியாம். மிளகாய் இந்த வருஷம் நன்றாகத்தான் காய்த்திருக்கிறது. களம் முழுக்கக் குண்டு மிளகாய் காய்கிறது, தெருவில் போகிறவர்கள் தும்மிக்கொண்டே நலம் விசாரிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்து விஷயத்தை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் இருந்த கட்டடத்தில் காரை பெயர்ந்து விழுகிறது என்று முந்தின வருஷம் இடித்துப் போட்டார்கள் அல்லவா, புதுக் கட்டடம் வரும் வரைக்கும் மூன்று வகுப்பும் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடக்கட்டும் என்று உன் வீரையாப் பெரியப்பாதான் சாவியைக் கொடுத்தார். ஊர்த் தலைவராக அவர் செய்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கூடம் என்று இருந்தால் கல்யாணம் உண்டு, காதுகுத்து உண்டு, சடங்கு உண்டு. விசேஷம் வந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லிச் சிரிக்கிறார். போன ஆவணியில் ஒரு முகூர்த்தம் முடிந்த மறுநாள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பரீட்சை, கூடம் முழுக்கச் சாம்பார் வாசனையாம், பிள்ளைகளுக்குப் பசிதான் எடுத்ததாம். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே எண்ணிக்கை குறைகிறது. இந்த நிதியாண்டுக்குள் மூன்று வகுப்பறைக்குப் பணம் ஒதுக்காவிட்டால் ஜூன் மாதத்தில் அந்த மூன்று வகுப்பையும் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. காலையில் அந்தப் பக்கம் ஒரு பஸ் போகிறது, சாயங்காலம் திரும்பி வருவதற்குக் கிடையாது, ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது.

பெற்றோர் குழுவுக்குத் தலைவி யாரென்று நினைக்கிறாய், நம் மிளகாய்க் கொல்லைக்குப் பழம் எடுக்க வரும் அமுதவள்ளி. அவள் மகள் ஜோதி ஆறாம் வகுப்பு படிக்கிறது, ஜூனில் ஏழாவது போகும், கணக்கில் சூட்டிகை, என்னிடமே வட்டிக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தது. புருஷன் அய்யப்பன் கீழக்கரையில் ஒரு பந்தல் கடையில் வேலை செய்கிறான். அவன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம், "பள்ளிக்கூடம் இங்கன இருக்குற வரைக்கும் படிக்கட்டும், அங்கன போச்சுன்னா வீட்டோட நிக்கட்டும், அந்தக் காட்டு வழில பிள்ளைக்குப் பின்னாடி நான் காவலுக்குப் போக முடியுமா" என்று. கெட்டவன் இல்லை, பயந்தவன். அதனால் நாங்கள் எல்லோரும் கட்டடம் கட்டடம் என்று பேசினால் அமுதவள்ளி மட்டும் ஜோதி ஜோதி என்று பேசுவாள், இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். என் பிள்ளை படித்து முடித்துப் பனிக்கட்டி ஊருக்கே போய்விட்டது, எனக்கு இதில் என்ன என்று கேட்டால் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதியதுதான், தெரியவில்லை. மனு எழுத ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் குழுவில் போட்டார்கள், எழுதினேன், அவ்வளவுதான்.

மூன்று திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். பழம் எடுக்கிற பெண்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், நல்ல சேலை கட்டி, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலோடு. அந்த வரிசையில்தான் பெரியபட்டினம் பக்கத்து நஃபீசா பழக்கமானாள். அவளும் ஒரு பெற்றோர் குழுத் தலைவி, அவர்கள் பள்ளிக்குப் போன வருஷம் கட்டடம் வந்துவிட்டது, இப்போது கழிப்பறைக்கு வந்து நிற்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "அக்கா, எஞ்சினியரு பாக்க வர்றப்ப ஒண்ணையும் ஜோடிச்சு வெக்காதீங்க. மொதத் தடவ நாங்க கம்பளம் விரிச்சு பிரியாணி போட்டு அனுப்புனோம், இவுகளுக்கு என்ன கொறச்சல்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ரெண்டாந் தடவ ஒழுகுற எடத்துல வாளிய வெச்சோம், அல்ஹம்துலில்லாஹ், கட்டடம் வந்துருச்சு." அமுதவள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள், நாங்க வாளி இல்ல அண்டாவே வெப்போம் என்றாள். அதற்குப் பிறகு ஒரு வழியாகத் தகவல் வந்தது, வியாழக்கிழமை காலையில் பொறியாளர் நேரில் வந்து பார்க்கிறார், அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் பணம் ஒதுக்குவதா இல்லையா என்று முடிவாகும். அந்த வியாழக்கிழமை நாளைக்கு.

இன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டு முனையில் வாழைமரம் கட்டியிருக்கிறது. யாருக்குக் கல்யாணம் என்று உன் அப்பா கேட்டார். பொறியாளருக்குத்தான். சாமியானா, சீரியல் பல்பு, வருக வருக என்று பிளக்ஸ், கூடத்துச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. உள்ளே போனால் இன்னும் அதிசயம். கல்யாண மேடைக்குப் பின்னால் தொங்கவிடுகிற கத்தரிப்பூ நிறச் சேலைகளைக் கொசுவி, கயிற்றில் கட்டி, கூடத்தை மூன்றாகப் பிரித்து, ஆறு ஏழு எட்டு என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறான் அய்யப்பன். கடைச் சாமான், அவனுடைய கைவேலை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்புச் சுவரில் உன் பெரியப்பா வீட்டுப் பெரிய டிவி. நான் இரண்டு நாள் ஊரில் இல்லை, அதற்குள் இவ்வளவும்.

நம்மூர்க்காரர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, உனக்கே தெரியும், குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த வருஷத்தில்கூட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் பக்கத்து ஊரில் பால் வாங்கி வந்து பாயசம் காய்ச்சியவர்கள். வருகிறவன் கண்ணில் இல்லாமை பட்டுவிடக் கூடாது. உன் பெரியப்பா வாசலிலேயே நின்றார், "வாத்தா, மதுரை டாக்டரு என்ன சொன்னாரு, அது கிடக்கட்டும், எப்பிடி இருக்கு நம்ம பள்ளிக்கூடம், பட்டணத்துப் பள்ளிக்கூடம் தோத்துப் போகும்ல" என்றார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். இவ்வளவு நன்றாக இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எதற்கு என்று பொறியாளர் கேட்டால் என்ன சொல்லப் போகிறோம் என்று மட்டும் கேட்டேன். உன் பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கஷ்டத்தக் காட்டிப் பிச்சையா எடுக்கோம், வீடு தேடி வர்றவன் மூக்கச் சுளிச்சுட்டுப் போனா ஊருக்கு என்ன மரியாத இருக்கு" என்றார். மரியாதை கிடைக்கும், கட்டடம் கிடைக்காது என்றேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அமுதவள்ளி கையில் கோலமாவோடு வந்தாள், அவளும் நாள் முழுக்க இதில்தான் இருந்திருக்கிறாள். நஃபீசா சொன்னது மறந்துபோச்சா என்று கேட்டேன். அந்தச் சேலைகளைப் பார்த்தபடியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அம்புட்டுப் பேரும் ஆசையாச் செஞ்சாகளா, நானும் கூடச் சேந்துக்கிட்டேன்க்கா, எம் மகளுக்கு நானே குழி வெட்டியிருக்கேன்" என்றாள். அழவில்லை. எழுந்து அய்யப்பனிடம் சேலையை எல்லாம் அவிழ்க்கச் சொன்னாள். அவன் ஏணியில் நின்றபடியே, "கட்டச் சொல்றதும் நீங்க, அவுக்கச் சொல்றதும் நீங்க, உங்களுக்கு எங்க மொதலாளியே தேவல" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், உன் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவரிடம் நேராகவே சொன்னாள், "அய்யா, வரவேற்பு ரோட்டுல இருக்கட்டும், எளநி குடுங்க, மாலை போடுங்க, கூடத்துக்குள்ள மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்." அவர் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கூடத்தைப் பூட்டி, சாவியை மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டார். சேலைகள் உள்ளேயே தொங்குகின்றன. நாளைக்கு அவர் திறந்தால்தான் தெரியும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். டப்பா மீனையும் ரொட்டியையும் வைத்து ஒரு நேரத்தை ஒப்பேற்றாதே, சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும். வெயிலே இல்லாத ஊரில் எலும்பு வலிக்கும் என்று படித்தேன், டாக்டரிடம் கேள், இணையத்தில் கேட்காதே. கூட வேலை செய்யும் பையனைப் பற்றி அடிக்கடி சொல்ல ஆரம்பித்து, சொல்லாமல் நிறுத்திவிடுகிறாய், சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல், நான் கேட்க மாட்டேன், அப்பா கேட்பார், அவருக்குப் பதில் தயார் செய்துகொள். பாஸ்போர்ட் முடிகிற தேதியை ஒரு தடவை எடுத்துப் பார், போன தடவை மாதிரி கடைசி வாரத்தில் ஓடாதே. உடம்பும் மனசும் தெம்பாக இருந்து நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு
உன் அம்மா
மங்கையர்க்கரசி

வியாழக்கிழமை சாயங்காலம்

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததை மட்டும் இதிலேயே எழுதிவிடுகிறேன். காலையில் நாங்கள் போவதற்கு முன்பே கூடம் திறந்திருந்தது. சேலைகள் ஒன்றுகூட இல்லை, மடித்து மூலையில் அடுக்கியிருந்தது, நாற்காலிகள் வெளியே. டிவி மட்டும் சுவரிலேயே இருந்தது. உன் பெரியப்பா எங்களைப் பார்க்காமல், "அது கிடந்துட்டுப் போகுது" என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். பத்து மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. பிள்ளைகள் தேய்த்த சட்டையோடு மூன்று வகுப்பும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் மூன்று பாடம் படித்தார்கள். மத்தியானம் ஆனதும் கீழக்கரையிலிருந்து பந்தல் கடை வண்டி வந்துவிட்டது, இன்னொரு வீட்டு விசேஷத்துக்குச் சாமியானா வேண்டுமாம். அய்யப்பனும் இன்னொருவனும் அவிழ்க்க ஆரம்பித்தார்கள், வாழைமரத்தை ஆடு தின்றுகொண்டிருந்தது, அப்போதுதான் பொறியாளர் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து இறங்கினார், மாலையும் இல்லை, இளநீரும் காலி. கூடத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார், டிவியைக் காட்டி இது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததா என்று கேட்டார். உன் பெரியப்பா கொஞ்சம் தயங்கி, "இல்ல சார், எங்க வீட்டு டிவி, நீங்க வர்றீகன்னு மாட்டுனேன். இந்தக் கூடமும் ஊரோடது, பள்ளிக்கூடத்துக்குன்னு இங்க ஒண்ணும் கிடையாது, அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கு, பிள்ளைகளுக்கு லீவு" என்றார். இவ்வளவையும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார். பொறியாளர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது, அதனால் கட்டடம் வரும் என்று நான் இப்போதும் உனக்கு எழுத மாட்டேன். பழைய கட்டடம் இருந்த இடத்தை அளக்க வேண்டும், டேப்பைப் பிடிக்க ஒரு ஆள் வாங்க என்று கூப்பிட்டார். பக்கத்தில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்த அய்யப்பன்தான் போனான். முள்ளும் செங்கல் துண்டுமாகக் கிடந்த இடத்தில் மூலைக்கு மூலை போய்ப் பிடித்து நின்றான், கடை வண்டிக்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார், இவன் திரும்பிப் பார்க்கவில்லை. அளந்து முடித்து டேப்பைச் சுருட்டும்போது, "சார், இதுல ஏழாப்பு எந்தப் பக்கம் வரும்" என்று கேட்டான். அமுதவள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பணம் ஒதுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் வண்டியை எடுத்தார். அய்யப்பன் வண்டியோடு கூடவே நாலு எட்டு நடந்தான். "இல்ல சார், கெழக்குப் பக்கமா வெச்சிருங்க, ரோட்டுப் பக்கம் வெச்சா எம் மக வேடிக்க பாத்துக்கிட்டே இருக்கும்" என்றான்.