இடது இருக்கையின் பாரம்

ஞாயிறு, இரவு

இல்லை, காரை விற்கப்போவதில்லை. அடுத்த மாதம் பந்தயத் தடத்துக்குத் தனியாகவே போகிறேன். அதற்காகத்தான் இன்று காரை ஏறாவூருக்கு, ரஹீம் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

தடத்தில் ஓட்டுவது நான். நிரோஷன் இடப்பக்கம் உட்கார்ந்து வளைவுகளைச் சொல்வான். அதனால் சஸ்பென்ஷனை எப்போதும் இருவர் பாரத்துக்கே சரிசெய்வோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். அவன் காருக்கு அடியில் கிடந்து ஸ்பிரிங்குகளைத் திருகுவான். அவனுடைய இருக்கையில் அவனுக்குப் பதிலாக, அவன் எடைக்கு ஓர் அரிசி மூட்டை இருக்கும்.

இன்றும் நானா மூட்டையைத் தூக்கி வைத்தார்.

"தம்பி வரல்லயா? கலியாணத்துக்கு முன்னமே தொந்தி வெச்சிட்டா அவருக்கு? இன்னும் ரெண்டு சுண்டு அரிசி போடவா, தங்கச்சி?"

சிரிக்கப் பார்த்தேன். அவனுடைய வீட்டார் பார்த்த வேறொரு பெண்ணுக்குப் போன கிழமை அவன் ஓம் சொல்லிவிட்டான் என்பதை எப்படிச் சொல்வது?

"மூட்டை வேணாம் நானா. நான் மட்டுந்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி தங்கச்சி" என்று மட்டும் சொல்லி மூட்டையை இறக்கிவிட்டு, ஸ்பிரிங்குகளை என் பாரத்துக்குத் திருத்தினார்.

திரும்பும்போது வாவிக்கரை வளைவில் வேகமாகத் திருப்பினேன். கார் கொஞ்சமும் சாயவில்லை. இவ்வளவு நன்றாக அது ஓடியதே இல்லை. அவன் இல்லாததற்கு ஏற்றபடி ஒரே பின்னேரத்தில் அது சரியாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, இடது இருக்கையில் சிந்தியிருந்த அரிசியைக் கூட்டி அள்ளிக் கோழிகளுக்குப் போட்டேன்.