அண்ணாந்து பார்க்கும் உயரம்

என் மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மகளுக்கு,

தொலைபேசியில் பேசினால் உன் அப்பாவின் காதில் விழும் என்பதால் எழுதி, ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ இங்கே மறந்துவிட்டுச் சென்ற மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக அவர் நேற்று உன் பள்ளிக்கு வந்தார். உன் வரலாற்று மாணவர்களுக்காக வாசல் கூடத்தில் நீ உயரே மாட்டியிருக்கும் அந்தப் பழைய ஆட்சியின் கொடியைக் கண்டதும், அவருடைய வலக்கை தானாகவே நெற்றிக்கு உயர்ந்திருக்கிறது. நீ வெளியே சென்றிருந்ததால் காவலாளிதான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, சார் சல்யூட் அடிச்சபடியே நிக்கிறாரு. பசங்க சிரிக்கிறாங்க. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

அந்தக் கொடியை வணங்க மறுத்த உன் பெரியப்பா வீடு திரும்பவேயில்லை. மறுநாள் முதல் தவறாமல் வணங்கி உயிர் பிழைத்த தம்பி இவர்.

நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "சாவிய எங்க வச்சோம்னே தெரியாத கை, இத மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருக்கு?" என்று என்னையே கேட்கிறார். கொடி இருக்கலாமா கூடாதா என்று நாளைய பெற்றோர் கூட்டத்தில் வாதாடுவார்கள். அப்போது எவரேனும் அவரைச் சுட்டிக்காட்டி, அந்த ஆட்சியின் விசுவாசி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

பள்ளிப் படியேறாமல் தானே கற்றவள் நான்; வரலாற்றை மறைத்துவிடு என்று ஒருபோதும் எழுதமாட்டேன். கொடியைக் கீழே இறக்கி மேசைமேல் விரித்து வை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மட்டும் வேண்டாம்.

கண்ணாடி இன்னமும் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே வந்து, அவர் கையாலேயே வாங்கிக்கொள்.

வழிமேல் விழி வைத்திருக்கும்
உன் அம்மா