குதிரைக்கு வந்த சக்தி

ஜூலை 18, வெள்ளி.

அம்முவை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. கடவுளே, இது போதும்.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அவளாகவே சொன்னாள். கிணற்றடியில் விரியன் கடித்ததும் எங்களிடம் ஓடி வரவில்லையாம். அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தாளாம். வலி தாங்காமல் போன பிறகுதான் அழுதுகொண்டு உள்ளே வந்திருக்கிறாள்.

"ஏண்டி?"

"பவர் வரும்னு நெனச்சேம்ப்பா. காமிக்ஸ்ல எல்லாருக்கும் ஏதாவது கடிச்சு, இல்லேன்னா மின்னல் அடிச்சுதானே வர்றது? சொன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போயிடுவேள்."

பத்து வயது. அந்தப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தவன் நான். திட்ட வாய் வரவில்லை. அவள் அம்மா ஜானகியிடம் இன்னும் சொல்லவில்லை.

"டாக்டர் அங்கிள் போட்ட மருந்து குதிரை ரத்தத்துலேர்ந்து எடுக்கறதாமே, நெஜமா?"

நிஜம்தான் என்றேன். குதிரைக்குப் பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், அதன் ரத்தம் விஷத்தை முறிக்கப் பழகிவிடும், அதிலிருந்து எடுத்ததைத்தான் உனக்கு ஏற்றினார்கள் என்றேன்.

ஸ்பூனைக் கடித்தபடி யோசித்தாள்.

"அப்போ பவர் குதிரைக்குத்தான் வந்திருக்கு. அதுக்கு வலிச்சிருக்கும், அல்லேப்பா?"



டாக்டருக்கும் நர்ஸுக்கும், கொட்டுகிற மழையில் கிழக்கேகோட்டை நெரிசலுக்குள் புகுந்து ஓட்டிய ஆட்டோக்காரருக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. அந்தக் குதிரை எந்த ஊர் லாயத்தில் நிற்கிறதோ. இன்று அதற்கு யாராவது ஒரு கை கொள்ளு கூடுதலாக வைத்திருக்கட்டும்.